வெயிலை இரவுக்குத் தள்ளிப்போடும் வீடு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்தில் மே மாதத்து மத்தியானம் பல நாள் 38 டிகிரியைத் தாண்டும். தார்ச்சாலை இளகிக் கிடக்கும் அந்த நேரத்தில் பழைய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடொன்றின் வளவுக்குள், அதாவது நடுமுற்றப் பகுதிக்குள், நுழைகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: “அந்தக் காலத்துக் கெட்டிச் சுவர், அதான் இந்தக் குளிர்ச்சி.” இது பாதிதான் சரி. கெட்டிச் சுவர் வெப்பத்தை விழுங்கி வைத்துக்கொள்கிறது. விழுங்கியதை ஒரு நேரத்தில் கக்கித்தான் ஆக வேண்டும். எந்த நேரத்தில், எந்தப் பக்கமாகக் கக்க வைப்பது என்பதில்தான் இந்த வீடுகளைக் கட்டியவர்களின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. பகலில் வாங்கிய சூட்டை இரவு வரை தள்ளிப்போட வேண்டும். இரவில் அதை வானத்துக்குத் திறந்துவிட வேண்டும். மனையை அளப்பதில் தொடங்கி தினமும் ஜன்னலைச் சாத்துவது வரை வேலைகள் இதற்காகவே அடுத்தடுத்து வருகின்றன. நடுவில் ஒன்றை விட்டால் மற்றவையும் பாதிப் பலன்தான் தரும்.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட செட்டிநாட்டு ஊர்களில் இந்த வீடுகள் நிற்கின்றன. பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரை எழுந்தவை. பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கொண்டுவிற்று, அதாவது வணிகம் செய்து, வந்த பணத்தில் கட்டியவை. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததோடு அந்த வரத்து அறுந்தது, கட்டுவதும் குறைந்தது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் ஏறிய பிறகு பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி என்று அவற்றின் பகட்டைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. வெயிலைச் சமாளிப்பதில் அந்தப் பகட்டுக்குப் பெரிய பங்கில்லை. வேலை செய்வது செங்கல், சுண்ணாம்பு, ஓடு, நடுவில் விட்ட வெற்றிடம்.

திசையும் மனையும்

முதல் வேலை மனையைப் பிடிப்பது. செட்டிநாட்டு மனை ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்வாசல் இங்கே, அடுப்படிக்குப் பின்னாலுள்ள கொல்லைவாசல் அங்கே. வீடு பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும். அதனால் குறுகிய முகங்கள்தான் காலை வெயிலையும் மாலை வெயிலையும் நேராக வாங்கும். நீண்ட சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும்.

இதன் காரணம் புரிய சூரியன் போகும் வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். காரைக்குடி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் விழும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். ஜூன் மாதத்தில்கூட அந்தச் சாய்வு 13, 14 டிகிரிதான். மார்கழியில் தெற்கே 33 டிகிரி வரை சாயும். உயரத்தில் நிற்கும் இந்த வெயிலை வடக்கு, தெற்குச் சுவர்களில் படாமல் தடுக்கச் சின்ன இறவாணம் போதும். கிழக்கிலும் மேற்கிலும் அந்த வித்தை பலிக்காது. அங்கே வெயில் தாழ வந்து, கூரையின் அடியில் நுழைந்து சுவரில் அறையும். அதைத் தடுக்க ஆழமான நிழல்தான் வேண்டும். முகப்பும், அதன் இரு பக்கத்துத் திண்ணையும், தூண் வரிசையும் அந்த இடத்தில் வருகின்றன. வழிப்போக்கர் உட்காரவும் கணக்குப்பிள்ளை பேரேட்டை விரிக்கவும் பயன்பட்ட அந்த இடம், வீட்டுக்கும் வெயிலுக்கும் நடுவில் எட்டு, பத்து அடிக்கு ஒரு நிழலைப் போட்டு வைக்கிறது. மனையடி சாஸ்திரம் சொன்னதால் இப்படி வைத்தார்களா, வெயிலுக்காக வைத்தார்களா என்று கேட்பது வீண். இரண்டும் ஒரே திசையைக் காட்டின, கட்டிக்கொண்டார்கள்.

தெருக்கள் நேர்கோட்டில், சரிவு பார்த்துப் போடப்பட்டவை. கூரையில் விழும் மழை வளவுக்கும், வளவிலிருந்து தெரு வாய்க்காலுக்கும், அங்கிருந்து ஊரணிக்கும் போகும். வற்றாத ஆறு இல்லாத வறண்ட பூமியில் குடிக்கவும் குளிக்கவும் அந்தத் தண்ணீர்தான். வீட்டின் குளுமைக்கும் அதற்கும் ஒரு தொடர்பு உண்டு. சாயங்காலம் வளவுக் கல்லில் தெளிக்கத் தண்ணீர் வேண்டுமே.

கடைக்காலும் சுவரும்

அடுத்து வானம் தோண்டுவது, அதாவது கடைக்காலுக்குப் பள்ளம் பறிப்பது. இந்தப் பகுதியின் செம்மண்ணுக்குக் கீழே செம்பறாங்கல் கிடைக்கும். அதைக் கடைக்காலில் இறக்கி, மேலே கருங்கல்லோ செங்கல்லோ வைத்து அடித்தளத்தைத் தெருமட்டத்திலிருந்து இடுப்பளவு, சில வீடுகளில் அதற்கும் மேலே தூக்குவார்கள். உள்ளே மண்ணைக் கொட்டித் திமிசு போட்டு இறுக்குவார்கள். மழை வெள்ளமும் கரையானும் எட்டாமலிருக்க இந்த உயரம். தெருப் புழுதிக்கும் சுடும் தரையிலிருந்து எழும் காற்றுக்கும் மேலே முகப்பு நிற்கிறது என்பது கூடுதல் லாபம்.

சுவருக்கு நாட்டுச் செங்கல், சுண்ணாம்புக் காரை. தடிமன் ஒன்றரை அடியிலிருந்து இரண்டடி. ஒன்றரை அடிச் செங்கல் சுவரின் வெளிமுகத்தில் பட்ட சூடு உள்முகத்துக்கு வந்து சேர ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். மத்தியானம் இரண்டு மணிச் சூடு உள்ளே எட்டிப் பார்க்கும்போது நள்ளிரவு கடந்திருக்கும். அதற்குள் வெளிக்காற்று தணிந்திருக்கும். வீடும் திறந்து கிடக்கும். வழியில் அந்தச் சூடு பெரும்பகுதி கரைந்தும் போயிருக்கும். இன்றைய ஒன்பது அங்குலச் சுவரில் இதே பயணம் ஆறேழு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதாவது சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும் நேரத்துக்குச் சரியாகச் சூடு உள்ளே வந்து நிற்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கும் சுவர் கொதிக்கிறது என்று நாம் புலம்புவது இதைத்தான்.

வெளிச்சுவரில் ஜன்னல் குறைவு, இருப்பதும் சின்னது. வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். முன்னறை கொஞ்சம் வெளிச்சமாக, அதற்குள்ளே இன்னொரு அறை இருட்டாக. இதற்கு இரட்டை வீடு என்று பெயர். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. சீர்ப் பாத்திரமும் நகையும் உள்ளறையில். அந்த அறைகளில் பகலில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. ஆக, வெளிச்சுவருக்கும் மனிதர்கள் புழங்கும் வளவுக்கும் நடுவில் பண்டங்கள் நிறைந்த ஓர் அறை வரிசையே தடுப்பாக நின்றது. வெயிலை முதலில் வாங்கிக்கொள்வது பித்தளை அண்டாக்கள்.

சாந்து

எல்லோரும் தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டுப் போகும் சுவர்ப் பூச்சுதான் இந்த வீட்டில் அதிக நாள் தின்னும் வேலை. இதை அவசரப்படுத்த முடியாது.

சுண்ணாம்புக்கல்லையோ கடற்கரையிலிருந்து வரும் கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டு எடுப்பார்கள். ஏறத்தாழ 900 டிகிரிச் சூட்டில் அதிலிருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடும். சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கி நீறும். நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டி, தண்ணீர் மூடியபடி நாட்கணக்கில் ஊறவிட வேண்டும். நீறாமல் தங்கிய கட்டி ஒன்று பூச்சுக்குள் போய்விட்டால் பிறகு அங்கே ஈரம் பட்டுக் கட்டி உப்பும். பூச்சு கொப்புளமாகத் தெறிக்கும்.

இன்னொரு பக்கம் கடுக்காயை உடைத்து, பனைவெல்லத்தோடு தண்ணீரில் போட்டுப் புளிக்க வைத்திருப்பார்கள். வட்டமான கல்தொட்டியில் கல் உருளையை மாடு இழுக்க, சுண்ணாம்பும் மணலும் இந்தத் தண்ணீரும் சேர்ந்து அரைபடும். கடுக்காயும் வெல்லமும் சாந்து இறுகும் வேகத்தைத் தணித்து, விரிசல் விடாமல் காக்கின்றன.

முதல் பூச்சு கரடுமுரடாக, ஆற்று மணல் கலந்தது. செங்கலை நன்றாக நனைத்துவிட்டுப் பூச வேண்டும். காய்ந்த செங்கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிக் கெடுத்துவிடும். அது பாதி இறுகியதும் அடுத்தது, இன்னும் சலித்த மணலோடு. பிறகு மணல் குறைந்து, சுண்ணாம்பும் நைசான கல்மாவும் கூடும். கடைசிப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெய் பதத்துக்கு அம்மியில் அரைப்பார்கள். முட்டை வெள்ளைக்கருவைச் சேர்ப்பார்கள். ஒரு வீட்டுக்கு எத்தனை ஆயிரம் முட்டை என்று ஊருக்கு ஊர் ஒரு கணக்கு சொல்லும், கணக்கை விட்டுவிடலாம். முட்டையின் புரதம் பூச்சுக்கு வழுவழுப்பையும் தண்ணீர் ஒட்டாத தன்மையையும் தருகிறது. ஈரம் காய்வதற்குள் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்கத் தொடங்கி, பளபளப்பு ஏறும்வரை விடாமல் தேய்க்க வேண்டும். நடுவில் கை நின்றால் அந்த இடம் மங்கலாகத் தெரியும். அதனால் ஒரு சுவரை ஒரே மூச்சில் முடிக்க எத்தனை கொத்தனார் வேண்டுமோ அத்தனை பேரையும் நிறுத்திவிட்டுத்தான் தொடங்குவார்கள்.

இதெல்லாம் அழகுக்காக என்று நினைத்தால் முக்கியமானதைத் தவறவிடுவோம். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப இழுத்து, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மறுபடி கல்லாகிறது. அந்தக் கல் நுண்துளைகள் கொண்டது. சுவருக்குள் ஏறும் ஈரம் அதன் வழியாக வெளியே போய் ஆவியாகும். ஆவியாகும்போது சுவரின் சூட்டையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். வெண்மை வெயிலைத் திருப்பியடிக்கும். வழுவழுப்பில் புழுதி ஒட்டாது. அதனால் வெண்மை பல வருடம் நிற்கும். நூறு வருடத்துப் பூச்சை ஈரத் துணியால் துடைத்தால் போதும் என்கிற அளவுக்கு உள்சுவர்கள் நின்றிருக்கின்றன. வெளிச்சுவருக்கு அந்தச் சலுகை இல்லை. அதற்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கூரையும் வளவும்

சுவர் எழுந்ததும் வளவைச் சுற்றித் தூண் நிறுத்தி உத்தரம் ஏற்றுவார்கள். வளவு என்பது வீட்டின் நடுவில் வானத்தைப் பார்த்துத் திறந்த முற்றமும், அதைச் சுற்றிய பத்தியும். பத்தி என்றால் தூண் தாங்கும் சுற்றுத் தாழ்வாரம். வசதியானவர்கள் வீட்டில் இதன் பின்னால் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று வரிசையாகப் போகும். முன்வாசல் நிலையில் நின்றால் வளவு வளவாகத் தாண்டிக் கொல்லைவாசல் வரை பார்வை போகும். பார்வை போகிற அதே கோட்டில் காற்றும் போகும்.

கூரையின் சாய்வு வளவை நோக்கி இறங்குவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தேக்குக் கைமரங்களின் மேல் சட்டங்களை அடித்து, அதன் மேல் நாட்டு ஓடு. குயவர் சக்கரத்தில் குழாயாக வனைந்து, இரண்டாகப் பிளந்து சுட்ட அரைவட்ட ஓடு அது. ஒரு வரிசையை மல்லாத்தி வைத்து, அடுத்த வரிசையைக் கவிழ்த்து மூடி, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி பல அடுக்காகப் பரப்புவார்கள். அடுக்குகளுக்கு நடுவில் காற்று மாட்டிக்கொள்கிறது. மேல் ஓடு கைவைக்க முடியாமல் சுடும்போதும் அடி ஓட்டுக்கு அந்தச் சூடு அப்படியே இறங்குவதில்லை. ஓடுகளின் இடுக்கு வழியாக வெப்பக் காற்று கசிந்து வெளியேறவும் முடியும். மண் ஓடு கனம் குறைவு என்பதால் அந்தி சாய்ந்த கொஞ்ச நேரத்திலேயே ஆறிவிடுகிறது. சுவரைப் போல நள்ளிரவு வரை காத்திருப்பதில்லை.

அப்புறம் நடப்பதுதான் இந்த வீட்டின் உயிர்நாடி. மேகமில்லாத இரவில், வானத்தைப் பார்த்திருக்கும் எந்தப் பரப்பும் தன் வெப்பத்தைக் கதிராக மேலே விட்டுக்கொண்டே இருக்கும். சுற்றிலும் உள்ள காற்றைவிடக் கொஞ்சம் குளிர்ந்தும் போகும். ஓட்டைத் தொட்ட காற்றும் அதோடு குளிர்ந்து கனமாகும். கனத்த காற்று சரிவில் இறங்கும். சரிவோ நாலு பக்கத்திலிருந்தும் வளவுக்குள் பார்த்திருக்கிறது. ஆக, ராத்திரி முழுவதும் குளிர்ந்த காற்று ஓட்டின் மேல் வழிந்து முற்றத்தில் இறங்கி, பத்தியில் பரவி, அறைகளுக்குள் போகிறது. அங்கிருக்கும் சூடான காற்று உயரப் போய், முற்றத்தின் நடுவழியாக மேலேறுகிறது. கிணற்றில் தண்ணீர் ஊறுவதுபோல விடியும்போது வளவில் குளிர்ந்த காற்று தேங்கி நிற்கும். தெருவிலிருந்து தள்ளி, சுவர்களுக்கு நடுவில் இருப்பதால் அதை வெளிக்காற்று எளிதில் அடித்துக்கொண்டு போவதில்லை.

பகலில் வேறு கதை. முன்வளவு உயர்ந்த கூரைகளுக்கு நடுவில் பெரும்பாலான நேரம் ஏதாவது ஒரு பக்கம் நிழலாக இருக்கும். பின்கட்டு முற்றம் தாழ்ந்த கூரைகளுக்கு நடுவில் நல்ல வெயிலில் கிடக்கும். நெல்லும் மிளகாயும் வடகமும் வற்றலும் காய்வது அங்கேதான். வெயில் முற்றத்தில் காற்று சூடேறி எழும்போது அந்த இடத்தை நிரப்ப நிழல் முற்றத்திலிருந்து காற்று நடைவழியாக இழுபடும். வெளியே இலை அசையாத மத்தியானத்திலும் இரண்டு கட்டுக்கு நடுவிலுள்ள நடையில் மெல்லிய காற்று இருப்பது இதனால்தான். வெயிலை விரட்டாமல் அதற்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள்.

சரிவும் சரிவும் சந்திக்கும் கூடல்வாய்தான் கூரையின் பலவீனமான இடம். மழைத் தண்ணீர் முழுவதும் அங்கே வந்து சேரும். தகடு அடித்துக் குழாய் வழியாக முற்றத்தின் மூலைக்கு இறக்கி, கீழே அண்டா வைத்துப் பிடிப்பார்கள்; மிச்சம் வாய்க்காலில் போகும். குரங்கு ஒரு ஓட்டை நகர்த்தினால் போதும், அடுத்த மழையில் கைமரம் ஊறத் தொடங்கும். ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் ஆளை ஏற்றி ஓடு மாற்றுவது வருடந்தோறும் வரும் செலவு.

மட்டத் தளம்

மாடியுள்ள பகுதியில் ஓட்டுக்குப் பதில் மட்டத் தளம் வரும். சென்னையின் பழைய கட்டடங்களில் மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்றது இதுதான். கட்டைக்குத்துத் தளம் என்பார்கள் கொத்தனார்கள். தேக்குக் கட்டைகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் பரப்பி, ஒரு மூலையிலிருந்து தொடங்குவார்கள். ஓர் அங்குலத் தடிமனுள்ள சின்னத் தளச் செங்கலை விளிம்பில் நிறுத்தி, கட்டைகளுக்குக் குறுக்கே சாய்வாக, சுண்ணாம்புச் சாந்தில் வரிசை வரிசையாகக் குத்திக்கொண்டே போவார்கள். புது வரிசை பழைய வரிசையோடு ஒட்டி நின்றுகொள்வதால் அடியில் பலகை அடைக்க வேண்டியதில்லை. இது இறுகியதும் உடைத்த செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாலைந்து அங்குலம் கொட்டுவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அதை நாட்கணக்கில் அடிப்பார்கள்; இடையிடையே கடுக்காய்த் தண்ணீர் தெளிப்பார்கள். அடிக்கிற கட்டை துள்ளி எழும்வரை அடிக்க வேண்டும். கடைசியில் தட்டோடு பதித்து, தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்து முடிப்பார்கள்.

ஏறத்தாழ ஓரடிக் கனமுள்ள இந்தத் தளம் நாலரை அங்குல கான்கிரீட் தளத்தைவிட வெப்பத்தை வெகுநேரம் தாமதப்படுத்துகிறது. சுண்ணாம்பு ஜல்லி தன் அடர்த்தி குறைவால் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வீடுகளின் மாடிகளில் பல, ஊருக்குக் காட்ட எழுந்தவை. வண்ணக் கண்ணாடி பதித்த ஜன்னல் வரிசையும் சாமான் அறைகளும் கொண்ட அந்த மேல்தளம் கோடைப் பகலில் இருக்கத் தோதான இடமில்லை. வீட்டுக்காரர்கள் கீழேயேதான் புழங்கினார்கள். காலியாகக் கிடந்த மாடி கீழ்வீட்டுக்குக் குடை பிடித்தது என்பதே அதன் பயன். 1920, 30-களில் சிமென்ட் வந்து, முகப்பின் மேல் கைப்பிடிச் சுவரும் சிலைகளும் ஏற ஏற, வெயிலைவிட அடுத்த வீட்டுக்காரரைப் பார்த்துக் கட்டுவது அதிகமாயிற்று.

தரையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முகப்பில் சலவைக்கல், முற்றத்தில் கருங்கல், உள்ளே ஆத்தங்குடிக் கல். கண்ணாடிப் பலகையின் மேல் அச்சு வைத்து வண்ணச் சிமென்ட் குழம்பை ஊற்றி, மேலே உலர்ந்த கலவையைத் தூவி, சாந்தை அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கிற கல் அது. எந்தக் கல்லானாலும் அடியில் இருப்பது திமிசு போட்ட மண். சில அடி ஆழத்தில் மண்ணின் சூடு ஆண்டு முழுவதும் 28, 29 டிகிரியை ஒட்டியே இருக்கும். நம் தோலின் சூடு அதைவிட நாலைந்து டிகிரி கூடுதல். வெறுங்காலோடு நடந்தால், பாயில்லாமல் படுத்தால் உடம்பிலிருந்து சூடு தரைக்கு இறங்குகிறது. சோபா போட்டு உட்கார்ந்தவர்களுக்கு இந்தப் பலன் கிடையாது.

தினசரி வேலை

கட்டி முடித்தால் வேலை முடிந்ததென்று எண்ணுவது தப்பு. இந்த வீட்டை நாள்தோறும் ஓட்ட வேண்டும்.

விடிவதற்கு முன்னால் முன்வாசல், நடைக் கதவு, கொல்லைவாசல் எல்லாம் திறக்கப்படும், வாசல் தெளிக்கப்படும். ஜன்னல்களுக்கு மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி என்று தனித்தனிக் கதவு. கீழ்க்கதவைச் சாத்தி மேல்கதவைத் திறந்தால் தெருவில் போகிறவர் கண்ணில் படாமல் கூரையோரம் தேங்கிய சூடு போகும். எட்டு, ஒன்பது மணிக்குக் கிழக்கு ஜன்னல்கள் சாத்தப்படும். பத்து மணிக்குள் தெருவைப் பார்த்த எல்லாம் மூடப்பட்டுவிடும். காற்று வரட்டும் என்று மத்தியானம் ஜன்னலைத் திறப்பது இன்றைய பழக்கம். அப்போது வருவது 38 டிகிரிக் காற்று. இரவெல்லாம் சேர்த்த குளிர்ச்சியை அது ஒரு மணி நேரத்தில் துடைத்துக்கொண்டு போய்விடும்.

மனிதர்களும் வெயிலைப் பார்த்து இடம் மாறினார்கள். காலையில் முற்றத்தின் மேற்குப் பக்கம் வெயில் விழும். காய் நறுக்குவது, பூக் கட்டுவது எல்லாம் கிழக்குப் பத்தியில். பிற்பகலில் நிழல் மேற்கே மாறும்; பாயும் மாறும். உச்சிவேளையில் முற்றம் முழுக்க வெயில்தான், சித்திரையில் தப்பவே முடியாது. பத்தியின் இறவாணம் தாழ்ந்திருப்பதால் அந்த வெயில் தூணைத் தாண்டி உள்ளே வருவதில்லை. நாலு மணிக்கு மேல், கல்லில் நேர்வெயில் விலகிய பிறகு, முற்றத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். காற்று வறண்டிருக்கும் சித்திரை, வைகாசியில் அது சட்டென்று ஆவியாகிச் சூட்டைத் தணிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தெளித்தால் புழுக்கம்தான் மிஞ்சும்.

பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிடுவார்கள். மேற்குச் சுவரை ஒட்டிய அறை அன்றிரவு சூட்டைக் கக்கும் முறை என்பதால் அங்கே யாரும் படுப்பதில்லை. திண்ணையில் ஆண்கள், பத்தியில் பெண்களும் பிள்ளைகளும், புழுக்கமான நாளில் முற்றத்துக் கல்லிலேயே பாய். இத்தனைக்கும் கதவு திறக்க, சாத்த, தண்ணீர் இறைக்க, தெளிக்க, ஓடு மாற்ற ஆட்கள் இருந்தார்கள். கூட்டுக் குடும்பத்துப் பெண்களின் உழைப்பும் வேலையாட்களின் உழைப்பும்தான் இந்த வீட்டின் மின்சாரம். இன்று பல வீடுகளில் ஒரு காவல்காரக் குடும்பம் மட்டும் இருக்கிறது; முன்கட்டு திறக்கும், மற்றவை கல்யாணத்துக்கும் படையலுக்கும்தான். பூட்டிக் கிடக்கும் கட்டுக்குள் போனால் குளுமை கிடையாது; ஈர வாடையும் புழுக்கமும்தான்.

இதையெல்லாம் இந்தத் தட்பவெப்பத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உள்நாட்டுப் பூமியில் இரவு தணிகிறது, அதனால் இரவை நம்பிக் கட்ட முடிந்தது. சென்னைக் கடற்கரையில் இரவிலும் ஈரக்காற்று சூடாகவே நிற்கும். அங்கே இரண்டடிச் சுவரைவிடக் கடற்காற்று நுழையும் பெரிய ஜன்னலும் தாழ்வாரமும் உதவும். பணமில்லாத வீட்டுக்கும் இதே பலன் வேறு வழியில் கிடைத்தது. மண்சுவரும் பனையோலைக் கூரையும் போட்ட செட்டிநாட்டுக் குடிசை வெயிலில் இந்த மாளிகைக்குச் சளைத்ததில்லை. தீப்பிடிக்கும், வருடம் தவறாமல் வேய வேண்டும் என்பதுதான் குறை.

பழுது பார்க்கிறவர்களுக்கு

உரிந்த சுண்ணாம்புப் பூச்சின் மேல் சிமென்ட் பூசுவது இன்று அதிகம் நடக்கிற கேடு. சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. மழைக்காலத்தில் சுவர் உறிஞ்சிய தண்ணீர் உள்ளேயே சிக்கி, உப்பு பூத்து, செங்கல் பொடியாகும். உள்ளறையில் பூஞ்சணம் ஏறும். பூசியிருந்தால் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுவதும் சுவரைக் காயவிட்டு, பிறகு சுண்ணாம்பிலேயே பூச வேண்டும். எமல்ஷன் பெயின்டும் இதே வேலையைத்தான் கொஞ்சம் மெதுவாகச் செய்யும்.

அடுத்தது வளவு. திருடன் பயம், குரங்குத் தொல்லை, மழைச் சாரல் என்று காரணம் சொல்லி முற்றத்தின் மேல் பைபர் தகடோ கண்ணாடியோ போட்டு மூடிவிடுகிறார்கள். வெளிச்சம் வருகிறதே என்று திருப்தி. கண்ணாடி வெயிலை உள்ளே விடும். உள்ளே சூடேறிய கல்லும் சுவரும் இரவில் விடும் வெப்பத்தை வெளியே விடாது. சூடான காற்று எழுந்து போக வழியில்லை, குளிர்ந்த காற்று இறங்கவும் வழியில்லை. இரண்டடிச் சுவர் அப்போது சூட்டைச் சேர்த்து வைக்கும் களஞ்சியமாகிவிடுகிறது. நகரத்தில் செட்டிநாட்டுப் பாணி என்று கட்டும் புது வீடுகளிலும் கண்ணாடி மூடிய முற்றம்தான். பக்கத்திலேயே ஏசி ஓடும்.

மூடித்தான் ஆக வேண்டுமென்றால் குரங்குக்கும் திருடனுக்கும் இரும்புக் கம்பி வலை போதும். பல பழைய வீடுகளில் அதுதான் இருக்கிறது. மழைக்குத் தகடு வேண்டுமென்றால் ஓட்டு விளிம்போடு ஒட்டாமல், நாலு பக்கமும் குறைந்தது இரண்டடி திறப்பு விட்டு உயர்த்திப் போட வேண்டும்; இழுத்து மூடித் திறக்கிற மாதிரி தண்டவாளத்தில் ஏற்றினால் இன்னும் நல்லது. கோடையில் அந்தி சாய்ந்ததும் அதைத் திறந்துவிட வேண்டும். அதற்கு ஓர் ஆளையும் வைத்துக்கொள்ள வேண்டும்.